அன்னம் இறங்காமையும் மகாநாடிப் புடைப்பும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



யான் தமிழாசிரியன், மருத்துவ நூல் கற்றவனல்லன். ஆயினும் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததொன்று உங்கள் இல்லங்கட்கும் பயன்படுமென எண்ணிப் பேசத் துணிந்தேன்.

என் பெரிய தந்தையார் 70 ஆண்டு கடந்தவர். நெடுநாட் சுருட்டுப் பழக்கமும் இரத்தக் கொதிப்பும் உடையவர். முதலிற் சோறு நெஞ்சில் தங்கிற்று. பின்னர்க் கஞ்சியும் அரிதாயிற்று. யாங்கள் அதனை மூப்பென்றும் வாயுவென்றும் கருதினோம். பெரிய தாயாரோ தம் சமையலை வெறுக்கின்றாரென்று கண்ணீர் உகுத்தார். இவ்வாறு 8 திங்கள் வீணே கழிந்தன.

இறுதியில் ஸ்கேன் படம் உண்மையைக் காட்டிற்று. இதயத்தினின்று இரத்தத்தை உடலுக்குக் கொண்டு செல்லும் மகாநாடி, மார்பினுள் உணவுக்குழலை அடுத்துச் செல்வது. 3 சென்டிமீட்டருக்குட்பட்ட அகலமே இருக்கவேண்டிய அந்நாடி, 7 சென்டிமீட்டராகப் புடைத்து, உணவுக்குழலை நெருக்கிற்று. அப்புடைப்பு வெடிப்பின் உயிர் தங்குதல் அரிது.

முன்னாளில் இதற்கு மார்பைத் திறந்தே சிகிச்சை செய்தனர். 1987-இல், அந்நாளிற் சோவியத் ஆட்சியிலிருந்த உக்ரைனில், கார்க்கிவ் நகரத்து மருத்துவர் நிக்கொலாய் வொலொதோஸ் மார்பு மகாநாடிக்குள் நாடி வழியாகவே செயற்கைக் குழலைச் செலுத்தினார். 1990-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி வயிற்று மகாநாடியில் அவ்வாறே செய்தார். கம்பிச்சட்டம் பொருத்திய துணிக்குழல் தொடையடி நாடி வழியே சென்று, புடைத்த இடத்தில் விரியும். இரத்தம் அதனூடே ஓடுதலின், நலிந்த சுவரின் மேலுள்ள அழுத்தம் குறையும்.

ஆயினும் புடைப்பு உடனே மறைவதில்லை. சிலர்க்கு விழுங்கும் இடர் நீங்காமலும் இருக்கலாம். முதுகுத்தண்டிற்கு இரத்தம் குன்றிக் கால்கள் செயலிழக்கும் அபாயமும் உண்டு. நாடிக்கும் உணவுக்குழலுக்கும் இடையே துளை விழுந்துவிடின் இக்குழல் மட்டும் போதாது. ஆதலின் காலத்தே கண்டறிதலே தலையாயது. எம் பெரிய தந்தையார்க்கு 4 திங்கட்குப் பின்னரே சோறு இறங்கிற்று. இன்றும் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்து வருகின்றார்.

விழுங்கலிடர் யாவும் இந்நோயன்று. இஃது அருகியே வருவது. புற்றுநோய் முதலிய பிற காரணங்களும் உள. காரணம் எதுவாயினும் காலந்தாழ்த்தல் தீதே. நோயின் முதலை ஆராய்க என்று திருவள்ளுவனார் ‘மருந்து’ அதிகாரத்தில் அறிவுறுத்தினாரன்றோ?

அன்பர்காள்! இலையிற் சோற்றை ஒதுக்கும் முதியோரைக் கடியாதீர்கள், அருகமர்ந்து, “எவ்விடத்தில் தடைபடுகின்றது?” என்று வினவுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். யாங்கள் 8 திங்களாக வினவாதிருந்த வினா அஃதே.