எழுத்துத் தடுமாறினால் அறிவு இல்லையா?

(கம்பத்தில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியது)



படிப்பு ஏறாத பிள்ளைகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் என் தங்கை வீட்டிலேயே இந்தச் சங்கதி நடந்துவிட்டபடியால், கண்டதைச் சொல்ல எனக்கும் யோக்கியதை உண்டென்று நினைக்கிறேன்.

அவள் மகனுக்கு அப்போது பத்து வயது. தாயோடு உட்கார்ந்தால் ஏலக்காயைப் பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரித்துவிடுவான். ஒரு கதை சொன்னால் ஒரு வாரம் கழித்தும் ஒரு பேர் தவறாமல் திருப்பிச் சொல்லுவான். புத்தகத்தைக் கண்டால் மட்டும் வியர்த்துப் போவான். "கொடு" என்று எழுதச் சொன்னால் "கெடு" என்று எழுதிவிட்டு நிற்பான். பள்ளியில் பிரம்படி; வீட்டில் மக்கு என்ற பட்டம். நானும் ஒரு நாள் அவன் தலையில் குட்டினவன்தான். ஜோசியன் ஏழரைச் சனி என்றான். உடனே குச்சனூருக்குப் போய் எள் விளக்குப் போட்டார்கள்; கையில் கயிறு கட்டினார்கள். பிறகு என் மாப்பிள்ளை, பையனை மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவதென்றே தீர்மானித்துவிட்டார்.

தோழர்களே! சனி பிடித்தால் எழுத்தை மட்டுமா பிடிக்கும்? கதையை ஏன் விட்டது? ஏலக்காயை ஏன் விட்டது?

1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற வைத்தியர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் தன் பேரான "பெர்சி"யையே எழுத்து மாற்றி எழுதுவான். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் இவனே பள்ளியில் முதல் கெட்டிக்காரனாக இருப்பான் என்றார் அவனுடைய வாத்தியார். இதற்குத்தான் இன்று டிஸ்லெக்சியா என்று பெயர். பெர்சிக்கு எந்தச் சனி பிடித்தது?

பேச்சு குழந்தைக்குத் தானே வருகிறது. எழுத்து அப்படியல்ல, அது மனிதன் செய்த ஏற்பாடு. 1935-ல் பெரியார் லை, ணை முதலிய எழுத்துகளை மாற்றி அச்சிட்டார். 1978-ல் தமிழ்நாடு அரசாங்கமே அதை ஏற்றுக் கொண்டது. எந்தத் தேவியும் கோபித்துக் கொள்ளவில்லை. ஒலியையும் எழுத்தையும் மூளையில் முடிச்சுப் போடும் வேலை சிலருக்கு மெதுவாக நடக்கிறது. இது அறிவுக் குறைவல்ல, சோம்பலுமல்ல. தமிழில் "கெ" என்பதைப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. பிள்ளை தடுமாறினால் அதிசயமென்ன? எல்லாப் பிள்ளைகளும் தொடக்கத்தில் இப்படித் தடுமாறுவதுண்டு. ஆண்டுக் கணக்கில் மாறாமல் நின்றால்தான் கவனிக்க வேண்டும். பணக்காரன் பிள்ளை தடுமாறினால் டியூஷன் வைக்கிறான். கூலிக்காரன் பிள்ளை தடுமாறினால் மட்டும் சாதிப் புத்தி என்கிறான். இது என்ன நியாயம்?

இது பல குடும்பங்களில் தலைமுறையாகவும் வரும். இதை நான் சொன்னபோது என் மாப்பிள்ளை வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அப்படித்தான் மச்சான், அதனால்தான் மூன்றாம் வகுப்போடு ஓடினேன்" என்றார். பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்த என் தங்கைக்குக்கூட அது தெரியாது.

செய்ய வேண்டியது என்ன? முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். பிறகு தினம் கால் மணி நேரம் போதும். சொல்லை வாயால் உடைத்து, ஒலிக்கு ஒரு கைதட்டு. அதே ஒலியை மணலில் விரலால் எழுத வேண்டும், எழுதும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பழைய திண்ணைப் பள்ளியிலும் மணல் இருந்தது, பிரம்பும் இருந்தது; மணலை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். நூறு தடவை எழுதச் சொல்லாதீர்கள். தப்பைத்தான் நூறு தடவை எழுதுவான். வந்த விருந்தாளி முன்னால் வாசிக்கச் சொல்லி அவமானப்படுத்தாதீர்கள். மற்றப் பாடங்களை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், வாசிக்கத் தெரியாதவர்கள் மூத்த பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள், காதால் படிக்கட்டும்.

பள்ளியில் அடித்தால் சும்மா இராதீர்கள். 2009-ம் ஆண்டுக் கல்விச் சட்டம் அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்தக் கற்றல் குறையும் சேர்ந்திருக்கிறது. சான்று வாங்கினால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் ஆகிய சலுகைகளைக் கேட்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறாரா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சான்றுக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். இது பிச்சையல்ல, உரிமை.

என் தங்கை மகன் மலைக்குப் போகவில்லை. இரண்டு வருஷமாகிறது, இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். போன வாரம் கம்பத்துக்குப் போகிற பஸ்ஸின் பலகையைத் தானே படித்து, தகப்பனையும் ஏற்றிவிட்டான்.

இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். தமிழ் நோட்டு கையிலிருந்தால் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.