இரண்டு மேஜைகள்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பிரிட்டனிலிருந்த பள்ளிக்கூடங்கள் நிதி திரட்டிய விதத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். காணிக்கை கொடுக்கிற உங்களுக்கும், அதைப் பெற்றுச் செலவிடுகிற எங்களுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

1939 செப்டம்பர் மாதத்தின் முதல் மூன்று நாட்களில் ஏறக்குறைய 15 லட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகள், குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்களிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார்கள். பல இடங்களில் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளியும் பிற்பகலில் வேறொரு பள்ளியும் நடந்தன. இரவில் இருட்டடிப்பு, ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் தெரியக்கூடாது. 1940 ஜனவரியிலே சர்க்கரை, வெண்ணெய் முதலியவற்றிற்குப் பங்கீடு வந்தது. அதே வருஷத்தில் கேக்கின்மேல் சர்க்கரைப் பூச்சு பூசுவதும் தடை செய்யப்பட்டது. 1941 ஜூனில் துணிமணிக்கும், 1942 ஜூலையில் மிட்டாய்க்கும் பங்கீடு வந்தது.

இப்படிப்பட்ட நாட்களிலும் பள்ளிகளில் விழாக்கள் நிற்கவில்லை. நாடகம், இசை நிகழ்ச்சி, தேநீர் விருந்து, விற்பனை எல்லாம் நடந்தன. வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறொருவர் கொண்டுவந்ததைக் காசு கொடுத்து வாங்கிப்போகும் விற்பனையும் உண்டு. கடையில் புதிது கிடைக்காத காலத்தில், பழைய பொம்மையும் சிறிதாகிப்போன கோட்டும் அங்கே விலைபோயின.

இந்தப் பள்ளி மண்டபத்திலே இரண்டு மேஜைகள் இருந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் மேஜை தேசிய சேமிப்புக்கானது. பிள்ளைகள் 6 பென்ஸ் முத்திரைகளை வாங்கிப் புத்தகத்தில் ஒட்டுவார்கள். 30 முத்திரை சேர்ந்தால் 15 ஷில்லிங். ஒரு சேமிப்புப் பத்திரம் கிடைக்கும். போர்க்கப்பல் வாரம், 1943-ல் விமானப்படைக்கான வாரம், 1944-ல் தரைப்படைக்கான வாரம் என்று ஊர்கள் போட்டி போட்டுச் சேர்த்தன. இது நல்ல காரியமே. ஆனால் இது கடன். அந்தப் பணம் வட்டியோடு திரும்பி வரும்.

இரண்டாம் மேஜையில் ஒரு உண்டியல் இருந்தது. செஞ்சிலுவைச் சங்கத்திற்கு ஒரு பென்னி, இரண்டு பென்னி. அந்நாளில் 240 பென்னி சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. அதில் விழுந்த காசு போட்ட பிள்ளைக்குத் திரும்பி வராது. அதற்குப் பத்திரமும் கிடையாது. இரண்டு காசு போட்ட விதவையை ஆண்டவர் கவனித்த இடம் இந்த மேஜைதான்.

திரும்பி வராத காசை ஒரு பிள்ளை ஏன் போடவேண்டும்? யாராவது வந்து எடுத்துச் சொன்னபடியால்தான். பட்டாளத்தார், மாலுமிகள், நர்சுகள், தூர தேசங்களில் இருந்து திரும்பியவர்கள் பள்ளிகளுக்கு வந்து பேசினார்கள். கேட்ட பிள்ளைகள், தாங்கள் கண்டிராத மனுஷருக்காகக் கம்பளிக் காலுறை பின்னினார்கள்.

பிரியமானவர்களே, இங்கே ஒரு சங்கடமான காரியத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1939 நவம்பரில் ரஷ்யா பின்லாந்தைத் தாக்கியது. 1940 தொடக்கத்தில் பிரிட்டனில் பின்லாந்துக்காக நிதி திரட்டினார்கள். 1941 ஜூனில் ஜெர்மனி ரஷ்யாமேல் படையெடுத்தது. அக்டோபரில் பிரதம மந்திரியின் மனைவி கிளெமென்டைன் சர்ச்சில் அம்மையாரின் தலைமையில், ரஷ்யாவுக்கான செஞ்சிலுவை உதவி நிதி தொடங்கியது. டிசம்பரில் பிரிட்டன் பின்லாந்தின்மேலேயே யுத்தம் அறிவித்தது. இரண்டே வருஷத்துக்குள் நண்பன் பகைவனானான். எதிர்ப்பக்கத்தில் இருந்தவன் நண்பனானான்.

அன்றைய பிள்ளை ஒன்று, "போன வருஷம் அவர்களுக்குக் கொடுத்தோமே, இப்போது இவர்களுக்கா?" என்று கேட்டிருந்தால் ஆசிரியர் என்ன பதில் சொல்வார்? தேசத்தையும் கொடியையும் காட்டிக் கேட்டவரிடம் பதில் இராது. காயப்பட்டவனுக்காகக் கேட்டவரோ தயங்கவேண்டியதில்லை. ராஜாங்கங்களின் சிநேகம் மாறும். குளிரில் விறைத்த காலும் குண்டு பாய்ந்த தோளும் எந்தத் தேசத்தில் இருந்தாலும் ஒரே வைத்தியத்தைத்தான் கேட்கும்.

அந்த ரஷ்ய நிதிக்குச் சேர்ந்த பணம் என்ன ஆயிற்று? டான் நதிக்கரையிலுள்ள ரோஸ்தோவ் பட்டணம் யுத்தத்தில் இருமுறை ஜெர்மானியர் கையில் விழுந்து சிதைந்துபோனது. அங்கே இரண்டு மருத்துவமனைகளுக்குத் தேவையான கருவிகளையும் தளவாடங்களையும் அந்த நிதி கொடுத்தது. 1945-ல் கிளெமென்டைன் அம்மையார் ரஷ்யாவுக்குப் போனபோது ரோஸ்தோவுக்கும் சென்றார். கொடுத்தவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட அந்தப் பட்டணத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். அங்கே படுத்திருந்தவர்களுக்கும் தங்களுக்காகத் தேநீர் விருந்து நடந்தது தெரிந்திருக்காது.

ஆகவே இரண்டு காரியங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, முதல் மேஜையில் வைத்ததை இரண்டாம் மேஜையில் வைத்ததாக எண்ணவேண்டாம். பேர் வரும், நன்றிக் கடிதம் வரும், கல்வெட்டு வரும் என்று கொடுப்பதும் ஒருவிதக் கடனே. இரண்டாவது, பெறுகிற எங்களுக்கு. யாருக்காகக் கேட்கிறோம் என்பதை நேர்மையாய்ச் சொல்லவும், கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கணக்கு ஒப்புவிக்கவும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். கொடுத்தவருக்குக் காசு திரும்பி வராது. இந்தச் செய்தியாவது அவரிடம் போய்ச் சேரவேண்டும்.

தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.