மெருகும் காவலும்



லாரியின் வண்ணத்தைக் காப்பதற்கு மெழுகு பூசுவது நன்றா, 'சீலண்ட்' என்று கடைகளில் வழங்கும் செயற்கைக் காப்புப்பூச்சைப் பூசுவது நன்றா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். சுண்ணக்கட்டி பிடித்து ஓய்ந்த தலைமையாசிரியனுக்கும் லாரிக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். உறவு உண்டு. அது ஒரு பிழையினால் உண்டான உறவு, பிழை என்னுடையது.

என்னிடம் பயின்ற ஒருவர் பழைய லாரி ஒன்றைக் கடனில் வாங்கினார். ஓட்டுநரும் அவரே. தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து உள்நாட்டு ஊர்களுக்கு உப்பு ஏற்றிச் செல்வது அவர் தொழில். மனைவியின் நகைகள் அடகுக் கடையில் இருந்தன. லாரிக்குப் புது வண்ணம் அடித்த மறுவாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, கடையில் மெழுகு என்று ஒரு டப்பாவும், சீலண்ட் என்று ஒரு புட்டியும் காட்டுகிறார்கள். எதை வாங்கட்டும்?" என்று கேட்டார். நான் சாய்வு நாற்காலியை விட்டு எழாமலே, "தம்பி, இயற்கையில் கிடைப்பதே என்றும் சிறந்தது, மெழுகையே வாங்கு" என்று கூறிவிட்டேன். வண்டி எங்கே ஓடுகிறது, என்ன சுமக்கிறது, வண்ணம் அடித்து எத்தனை நாளாயிற்று என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை.

ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிந்தன. அவர் மீண்டும் வந்தார். ஓட்டுநர் அறையின் முகப்பு சுண்ணாம்பு படிந்தாற்போல் வெளுத்திருந்தது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போன்ற நுண்ணிய கீறல்கள் தெரிந்தன. கதவின் கீழ் விளிம்பில் வண்ணம் கொப்புளித்திருந்தது. விரலால் அழுத்தியதும் செந்நிறத் துரு உதிர்ந்தது. லாரி 11 நாட்கள் பட்டறையில் நின்றது. ஓடாத சக்கரம் கூலி ஈட்டுவதில்லை. கடன் தவணையோ காத்திருப்பதில்லை. அவர் என்னைக் குறை கூறவில்லை. அதுவே என்னை மிகவும் வருத்திற்று. அன்று முதல் இப்பொருளைப் பற்றிப் படித்தும், பட்டறைக்காரர்களிடம் கேட்டும் அறிந்தவற்றையே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் வண்ணம் என்பது யாது என்று பார்ப்போம். இரும்புத் தகட்டின்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, பல வண்டிகளில் அதற்கும் மேலே நிறமற்ற பளிங்குப்பூச்சு என அடுக்கடுக்காக அமைந்ததே வண்ணம். எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட கனமே இருக்கும். பட்டறைகளில் மறுவண்ணம் அடித்த பழைய லாரிகள் பலவற்றில் பளிங்குப்பூச்சு இராது. இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. மெருகுப்பசை சிறிது தொட்ட வெள்ளைத் துணியால் மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் பளிங்குப்பூச்சு இல்லை என்று கொள்ளலாம். அத்தகைய வண்ணம் வெயிலில் விரைவில் வெளுக்கும்.

இவ்வளவு மெல்லிய கவசத்தைத் தாக்கும் பகைவர்கள் பலர். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் வண்ணத்தைப் பிணைக்கும் பிசினைச் சிதைக்கின்றன. பறவை எச்சமும் மோதி இறக்கும் பூச்சிகளும் மேற்பரப்பை அரிக்கின்றன. சாலைக் கற்கள் தெறித்து வண்ணத்தைப் பெயர்க்கின்றன. பெயர்ந்த இடத்தில் இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடுகின்றன, துரு பிறக்கிறது. அந்த நீரில் உப்புக் கரைந்திருந்தால் அது மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆகவே துருவேறுதல் விரைவடையும். உப்பு லாரிக்கு இந்தப் பகைவன் நாள்தோறும் உடன் பயணம் செய்கிறான்.

இனிக் காவலர்களைப் பார்ப்போம். மெழுகுகளில் பெயர் பெற்றது கார்னோபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை மரத்தின் இலையில் இம்மெழுகு விளைகிறது. நம் பனைக்கு அது உறவு. வறண்ட காலத்தில் இலையின் ஈரம் காற்றில் போகாதபடி அம்மரம் தனக்காகச் செய்துகொள்ளும் பூச்சு அது. இலைகளை வெட்டி உலர்த்தி, மெழுகைத் தூளாக உதிர்த்து எடுக்கிறார்கள். தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியஸில் உருகும். கார்னோபாவோ 82 முதல் 86 பாகையில்தான் உருகும். இதைக் கேட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். கார்னோபா தனித்து நின்றால் கல் போல் கடினமானது. கையால் பூச இயலாது. ஆகவே எண்ணெய்களும் இளகிய மெழுகுகளும் கரைப்பான்களும் சேர்த்தே டப்பாவில் அடைக்கிறார்கள். அக்கலவை அவ்வளவு வெப்பத்தைத் தாங்குவதில்லை. கருநிறத் தகடு நம் கோடை வெயிலில் 70 பாகையையும் எட்டக்கூடும். எனவே மெழுகு அழகிய மெருகைத் தரும். ஆனால் வெயிலில் ஓடும் வண்டியில் ஓரிரு மாதங்களுக்கு மேல் அதை நம்புவதற்கில்லை.

சீலண்ட் என்பது பாலிமர் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. தூய்மையான வண்ணத்தின்மேல் பூசினால் அதைப் பற்றிக்கொண்டு சில மணி நேரத்தில் இறுகும். மெழுகைக் காட்டிலும் வெப்பத்தையும் சோப்பு நீரையும் மிகுதியாகத் தாங்கும்; நான்கு முதல் ஆறு மாதம் வரை நிற்கக்கூடியது. மூன்றாவதாகச் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட 'செராமிக்' பூச்சு இப்போது பரவியிருக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். விலையும் கூலியும் அதிகம். கீறல் விழுந்த வண்ணத்தின்மேல் அதைப் பூசினால் கீறலும் உள்ளே சிறைப்படும்.

அப்படியானால் சீலண்டே சிறந்தது என்று முடிவு கூறலாமா? பொறுங்கள். சீலண்டுகள் பலவற்றிலும், மெழுகுப்பசைகள் சிலவற்றிலும் சிலிகோன் கலந்திருக்கும். மறுவண்ணம் அடிக்கும்போது அது சிறிதளவு எஞ்சியிருந்தாலும் புதுப்பூச்சு ஒட்டாமல் சிறு குழிகளாக விலகும். பட்டறையில் அதை 'மீன்கண்' என்பார்கள். தகுதிச் சான்று புதுப்பிக்கும்போதெல்லாம் வண்ணம் அடிக்கும் வழக்கம் லாரித் தொழிலில் உண்டு. ஆகவே என்ன பூசியிருக்கிறோம் என்பதைப் பூச்சாளரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

என் மாணவரிடம் நான் ஆராயாமல் விட்டவை இவை மட்டுமல்ல. புது வண்ணத்திலுள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேற நாள் வேண்டும். பூச்சாளர் கூறும் காலம் வரை, பொதுவாக ஒரு மாதமேனும், அதன்மேல் எதையும் பூசலாகாது. அவர் மறுவாரமே பூசினார். உப்புத்தூசியைக் கழுவாமல் டீசல் தோய்ந்த துணியால் துடைத்து, அதன்மேல் மெழுகைத் தேய்த்தார். உப்பும் மணலும் அத்துணியில் உப்புத்தாள் போல் வேலை செய்தன. "தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டதே, ஐயா!" என்றார். உருளத்தான் செய்யும். தாமரை இலையில் நீர் ஒட்டாமைக்கு அதன் நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேலுள்ள மெழுகுமே காரணம் என்று பார்த்லாட் என்ற ஜெர்மானியத் தாவர இயலாரும் அவருடைய துணைவரும் 1997-இல் விளக்கினார்கள். ஆனால் நீர் உருளுவது மேலே மெழுகு இருக்கிறது என்பதற்கே சான்று. அடியிலுள்ள வண்ணம் நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

இன்று அவர் பின்பற்றும் முறை இது. உப்பு இறக்கியதும் நல்ல நீரால் வண்டி முழுவதையும், குறிப்பாக அடிப்பாகத்தை, கழுவுகிறார். கல் தெறித்த இடங்களில் துருவைச் சுரண்டி, அடிப்பூச்சும் வண்ணமும் தொட்டுவைக்கிறார். வண்ணத்துக்குரிய மெழுகு அடிச்சட்டத்தைக் காக்காது. அதற்கென உள்ள துருத்தடுப்புப் பூச்சைத் தனியே அடிக்கிறார். கோடைக்கு முன் ஒருமுறையும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறையும் நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, சீலண்டை மிக மெல்லியதாகப் பூசுகிறார். கை வைக்குமுன் கழுவிய பரப்பை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விரல்களை நுழைத்துத் தடவிப் பார்க்கிறார். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது விரலுக்குத் தெரியும். திருவிழா நாளில் மெருகு வேண்டுமானால் சீலண்டின்மேல் மெழுகு பூசிக்கொள்கிறார். மெழுகின்மேல் சீலண்ட் பூசுவதில்லை. பூசினால் அது பற்றுவதற்கு வண்ணம் கிடைக்காது.

இவ்வளவையும் அவர் எனக்குச் சொல்லிக் காட்டினார். நான் அவருக்குச் சொன்னது பாதிதான். என்றும் வெயிலில் நிற்காத வண்டிக்கு மெழுகே போதுமானதாக இருக்கலாம். பொருளின் பெயரைக் கேட்டவுடன் நல்லது, தீயது என்று தீர்ப்புக் கூறுவது அறிவியல் அன்று. எதை, எதனிடமிருந்து, எத்தனை காலம் காக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். மாணவர் விடை தேடி வரும்போது ஆசிரியன் கேள்வி கேட்க மறக்கலாகாது. நான் மறந்தேன், அதன் விலையை வேறொருவர் 11 நாட்கள் செலுத்தினார். நீங்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.