கொழுந்துக் கறையும் கோதிக் நகமும்



போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்த என் அக்கா மகள், பத்து விரலிலும் கரிக் கறுப்பில் கியூட்டெக்ஸ் பூசியிருந்தாள். மினுக்கமே இல்லாத கறுப்பு. அடுப்புச் சுவரில் படிந்த புகைக்கரி மாதிரி இருந்தது. மோதிர விரல் நகத்தில் மட்டும் கூர்முனை வைத்த ஒரு ஜன்னல், அதற்குள் சிவப்பும் நீலமும். தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற அக்கா அந்தக் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கறுப்பப் போக்கத்தான் புள்ள நான் முப்பது வருசமா எலுமிச்சந்தோலத் தேய்க்கிறேன். நீ காசு குடுத்துப் பூசிக்கிட்டு வந்திருக்க" என்றார்.

அந்த இரண்டு கைகளும் அருகருகே இருந்த காட்சிதான் என்னை இன்று உங்கள் முன் பேச வைக்கிறது.

கொழுந்தெடுக்கிற கை ஏன் கறுக்கிறது என்று முதலில் சொல்கிறேன். தேயிலைத் தளிரில் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. தளிரைக் கிள்ளியதும் அதன் சாறு காற்றோடு சேர்ந்து பழுப்பாகி, பிறகு கறுக்கிறது. தேயிலை ஸ்டோரில் ரோலரில் அரைபட்ட இலை செம்பு நிறமாக மாறுகிறதே, அதே மாற்றம்தான் பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் நடக்கிறது. இரும்பு பட்டால் கறுப்பு இன்னும் ஆழமாகும். கலம்காரித் துணியில் கடுக்காயின் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்பு எடுப்பார்கள், அதே வேதியியல். எலுமிச்சையின் புளிப்பு அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தும். ஆனால் நகத்தின் ஓரத்திலும் விரல் நுனி வெடிப்பிலும் இறங்கியது அப்படியே இருக்கும். கல்யாண வீட்டில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி அந்த மகளின் கறுப்புக்கு வருகிறேன். கோதிக் என்ற பெயரே ஒரு வசையில் பிறந்தது. 410ஆம் ஆண்டு உரோம் நகரத்தைச் சூறையாடிய கூட்டத்தார் விசிகோத்துகள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழிந்தபின், 16ஆம் நூற்றாண்டில், வசாரி போன்ற இத்தாலியர்கள் தங்களுக்குப் பிடிக்காத கூர்வளைவுக் கட்டடங்களை அந்தக் காட்டுமிராண்டிகளின் பெயரால் இகழ்ந்தார்கள். பிறகு 1764இல் ஆங்கிலேயரான ஹொரேஸ் வால்போல் கோட்டையும் ஆவியும் நிறைந்த ஒரு நாவலை வெளியிட்டார்; அதன் அடுத்த பதிப்பில் கோதிக் கதை என்று தானே பெயர் சூட்டினார். 1979இல் பௌஹவுஸ் என்ற இங்கிலாந்து இசைக் குழு டிராகுலா நடிகர் பேலா லுகோசியின் பெயரில் ஒரு பாட்டைக் கொண்டுவந்தது. அதைச் சுற்றி வளர்ந்த இளைஞர்கள் கறுப்பு உடை, கறுப்பு உதடு, கறுப்பு நகம் என்று திரிந்தார்கள். இகழ்ச்சிச் சொல்லை விரும்பித் தூக்கிக்கொண்டார்கள். தோட்டக்காட்டான் என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்து, மலையகத்தார் என்று நிமிர்ந்து சொல்லப் பழகிய நமக்கு இது விளங்காத செய்தி அல்ல.

நகக் கலையில் கோதிக் என்றால் என்ன? மண்டை ஓடு, வௌவால், சிலந்தி வலை ஒட்டுப் படங்களைப் பத்து விரலிலும் ஒட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கோதிக்கின் உயிர் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவில் இருக்கிறது. அதைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே, 1878இல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது. நுவரெலியாவில் 1852இல் அபிஷேகம் செய்த பரிசுத்த திரித்துவ ஆலயம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடி ஜன்னல்கள் மங்கிய ஈயத்தட்டு மாதிரி தெரியும். உள்ளே போய் இருட்டில் நின்று பாருங்கள், சிவப்பும் நீலமும் எரியும். சுற்றிலும் கறுப்பு இருப்பதால்தான் அந்தச் சிவப்புக்கு அவ்வளவு வேகம்.

அக்கா மகள் நகத்தில் செய்திருந்ததும் அதுதான். எப்படிச் செய்தாள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். நிறமற்ற பூச்சு ஒரு சின்ன மூடியில் கொஞ்சம். அதில் சிவப்பு ஒரே துளி. கலந்தால் ஒளி ஊடுருவும் சிவப்பு கிடைக்கும். நீலமும் அப்படியே. நகத்தில் முதலில் வெளிர் நிறம் பூசிக் காயவிட்டு, அதன்மேல் இந்த நிறங்களைத் திட்டுத் திட்டாக வைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் ஈர்க்கு நுனியால் கறுப்புக் கோடுகள். கூர்வளைவுக்கு ஒட்டும் டேப்பை இரண்டு கீற்றாக வெட்டி, நக நுனிப் பக்கம் ஒன்றோடொன்று சாய்த்து ஒட்டி, வெளிப்பக்கம் கறுப்புப் பூசி, ஈரம் இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுவாள். பொறுமை உள்ள கைக்கு ஒரு நகம் அரை மணி நேரம்.

நம் மலைக்கு ஒரு விசேஷக் கஷ்டம் உண்டு. குளிரில் கியூட்டெக்ஸ் கெட்டியாகி நூல் இழுக்கும், ஈரக் காற்றில் காயவும் தாமதிக்கும். போத்தலைக் குலுக்காதீர்கள், உள்ளே குமிழி வரும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிச் சூடேற்றுங்கள். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே போதிய நேரம். மினுக்கத்தை அடக்கும் மேற்பூச்சு கிடைக்காதவர்கள், ஈரம் காயாத நகத்தைத் தேத்தண்ணிக் கேத்தலின் ஆவிக்கு மேலே, சுடாத தூரத்தில், சில நொடி காட்டினால் மினுக்கம் மங்கும்.

நிறத்தைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. வெளுத்த முகத்தில் கறுப்பு என்பது மேல்நாட்டுக் கோதிக் ஒப்பனையின் வழி. அதற்காக முகத்தில் பவுடரை அப்பிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. நம் மாநிறக் கைக்கு அந்த முரண் தேவையே இல்லை. மங்கல் கறுப்பின்மேல் நுனியில் மட்டும் மினுங்கும் கறுப்பு வையுங்கள். மழையில் நனைந்த கருங்கல் மாதிரி இருக்கும். 1994இல் ஷனேல் நிறுவனம் கொண்டுவந்த, உறைந்த இரத்தம் போன்ற கறுஞ்சிவப்பு உலகம் முழுக்க ஓடியது. அந்த நிறம் மாநிற விரலில்தான் முழுதாகத் துலங்குகிறது என்று நான் நம்புகிறேன். நகமும் குட்டையாக இருக்கட்டும். சவப்பெட்டி வடிவம் என்று நீட்டி வளர்க்கிற நகம் வாளி தூக்குகிற, துணி துவைக்கிற கையில் ஒரு வாரம் தாங்காது. குட்டை நகத்தில் கறுப்பு அடக்கமாக, ஒரு முத்திரை போல நிற்கும்.

"கறுப்பு ஆகாது, யாருக்குத் துக்கம்?" என்று கேட்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். பச்சைப்பிள்ளையின் கன்னத்தில் கண்ணேறு கழியக் கறுப்புப் பொட்டு வைத்த கைகளும் அவர்களுடையவைதான். அதை நினைவுபடுத்தினால் பாதிப்பேர் இறங்கி வருவார்கள்.

ஒன்றை மட்டும் கண்டித்துச் சொல்கிறேன். கறுப்பு மருதாணி என்று திருவிழாக் கடைகளில் விற்பதைக் கையில் வைக்காதீர்கள். மருதாணி இலை தரும் நிறம் செம்பழுப்பு. கறுப்பாக்குவதற்குப் பல கடைகளில் தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற இரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆயுளுக்கும் கூடவே வரும். ஜெல் பூச்சும் காயாத நிலையில் தோலில் பட்டால் இதே மாதிரி ஒவ்வாமையைக் கொண்டுவரலாம். அதைப் பிய்த்து எடுத்தால் நகத்தின் மேல்படலமும் சேர்ந்து வரும்.

தீபாவளி முடிந்து மறுநாள் காலை, அக்கா வேலைக்குப் புறப்படும் முன் மகள் அவருடைய பெருவிரலைக் கைபேசியில் படம் பிடித்தாள். அக்கா வரும் வருசம் வேலையை விட்டு நிற்கப் போகிறார். கை நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவு வளரும். அடியிலிருந்து நுனிவரை புதிதாக வர ஆறு மாதம் போதும். அதற்குள் அந்தக் கறை வெட்டுப்பட்டுப் போய்விடும். "இந்தக் கலர் எந்தப் போத்தல்லயும் இல்லம்மா" என்றாள் மகள். கறுப்பில் கபிலத்தைச் சேர்த்துக் கலந்து பார்த்தாள், ஒத்து வரவில்லை. பச்சை ஒரு துளி விட்டாள். ஒரு தாளில் தடவி, அம்மாவின் விரலுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் பச்ச போடு" என்றார் அக்கா.