புல்வெளியில் ஒரு ரீங்காரம்

இங்கிலாந்தின் தென்கிழக்குப் புல்வெளிகளில், கோடை வெயிலேறும் வேளையில், மின்கம்பியினின்று எழுவதுபோல் இடைவிடாத ரீங்காரம் கேட்குமாயின், அது 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் ரோசெலின் நாமத்தைத் தாங்கிய வெட்டுக்கிளியின் நாதமென்று பெரும்பாலும் கொள்ளலாம். நீண்ட மெல்லிய உணர்கொம்புகளால் சாதாரண வெட்டுக்கிளிகளினின்று வேறுபடும் இப்பிராணியை, கழுத்துக் கவசத்தின் பக்கங்களைச் சுற்றியோடும் வெளிர்மஞ்சள் விளிம்பைக் கொண்டு இனங்காணலாம். ஆண் தன் முன்சிறகுகளை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் அவ்வோசையை, பெண் தன் முன்னங்கால்களில் அமைந்த செவிகளால் கேட்கிறது. அதன் உடலின் பின்முனையில் நீண்டு வளைந்திருப்பது கொட்டும் ஆயுதமன்று, புல்தண்டைத் துளைத்து முட்டையிடும் கருவியே. பொதுவாகக் குறுஞ்சிறகுடைய இவ்வினத்தில், வெப்பம் மிகுந்த கோடைகளில் நெடுஞ்சிறகுடையவையும் மிகுதியாகத் தோன்றிப் புதிய இடங்களுக்குப் பரவுகின்றன. சுருதி மிக உயர்ந்ததாகையால் முதியோர் செவிக்கு அந்த ரீங்காரம் எட்டாமற்போவதுண்டு. ஆதலால், தேடிச் செல்லும் பெரியவர்கள் பேரப்பிள்ளையொன்றை உடனழைத்துச் செல்வது உசிதம்.