எந்த மேஜையில் பெண்?

தோழர்களே,

1973இல் தமிழ்நாடு போலீசில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தபோது மொத்தம் 22 பேர். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 கான்ஸ்டபிள். 1976இல் திலகவதி ஐ.பி.எஸ். ஆனார், நம்மில் பலருக்கு அவர் எழுத்தாளராகத்தான் பழக்கம். அதே ஆண்டு ஐ.பி.எஸ்.ஸில் சேர்ந்த லத்திகா சரண் 2006இல் சென்னை கமிஷனர், 2010இல் மாநில டி.ஜி.பி. சந்தோஷம்தான். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. சேரிப் பொம்பளைக்கு இதனால என்ன ஆச்சு?

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். அதே 1992 ஜூனில்தான் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து ஊரையே சூறையாடினார்கள். பழங்குடிப் பெண்கள் 18 பேரைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 2011இல் தீர்ப்பு வந்தது. அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தபோதுதான் அன்றைய கலெக்டர் மீதும் எஸ்.பி. மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மேல் அதிகாரியின் மேஜையைத் தொட சட்டத்துக்கு 31 வருஷம் ஆகியிருக்கு.

இந்த மேஜை விஷயம் எனக்குத் தெரிந்த விஷயம். நான் பேங்க் கிளார்க். லோன் கேட்டு வருகிற ஜனங்கள் என் கவுண்டருக்குத்தான் முதலில் வருவாங்க. நான் ஃபாரம் எழுதித் தரலாம், தண்ணி கொடுக்கலாம். லோன் தர்ற அதிகாரம் மேனேஜர் கையெழுத்துல இருக்கு.

மகளிர் ஸ்டேஷனும் இப்படித்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 7ஆவதைப் படித்துப் பாருங்கள். வழக்கை டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்யணும். மகளிர் ஸ்டேஷனில் இருப்பது இன்ஸ்பெக்டர். நம்ம பொம்பளை அங்க அழுதுகிட்டே புகார் கொடுப்பா, எஃப்.ஐ.ஆர். போடுவாங்க. அதோட வழக்கு மேலே போயிடும். எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது, எந்தப் பிரிவைச் சேர்ப்பது, யாரை விடுவது, எல்லாம் டி.எஸ்.பி. மேஜையில். அங்கே பெண்கள் எத்தனை பேர்? 2025இல் வந்த இந்திய நீதி அறிக்கை சொல்கிறது: நாடு முழுக்க போலீசில் சுமார் 2.4 லட்சம் பெண்கள், அதில் ஐ.பி.எஸ். 960 பேர். பத்தில் ஒன்பது பேர் கான்ஸ்டபிள், ஏட்டு நிலையிலேயே நிற்கிறார்கள்.

மேலே போனவர்கள் பாடும் சுலபமில்லை. 2021 பிப்ரவரியில் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, தனக்குப் பாலியல் தொல்லை தந்த சிறப்பு டி.ஜி.பி. மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். பரனூர் சுங்கச்சாவடியில் போலீஸை வைத்தே அவர் காரை மறித்தார்கள். அவர் விடவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் கோர்ட் அந்த டி.ஜி.பி.க்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஐ.பி.எஸ். காரையே மறிக்கிறவன், சேரியிலிருந்து நடந்து வர்றவளை என்ன பண்ணுவான்?

அதே நேரத்தில் பெண் என்பதாலேயே நம்ம பக்கம் நிப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். காக்கிக்குள்ளும் சாதி இருக்கு. பெண் போட்ட காக்கிக்குள்ளும் இருக்கு. வேண்டுமென்றே கடமை தவறும் சாதி இந்து அதிகாரிக்குச் சிறை என்கிறது அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு. அது ஆண், பெண் பார்க்காது. நாமும் பார்க்க வேண்டாம்.

மாணவத் தோழர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட பத்து ரூபாய்தான். மாவட்டத்துக்கு ஒரு மனுப் போடுங்க. டி.எஸ்.பி., எஸ்.பி. பதவிகளில் பெண்கள் எத்தனை பேர்? அதில் தலித் பெண்கள் எத்தனை பேர்? வன்கொடுமை வழக்குகளில் சட்டம் சொல்லும் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போனது எத்தனை? வருகிற பதில்களைக் கையில் வச்சுக்கிட்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் அடுத்த கூட்டத்தைப் போடுவோம்.