வத்தல்மலை ஏற எத்தனை யூனிட்?

"வீட்டுலயே சார்ஜ் போட்டா கார் ஓட்டறது கிட்டத்தட்ட இலவசம்தானே?"ன்னு நிறைய பேர் கேக்கறீங்க. இன்னைக்கு ஒரு மலையை வெச்சே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தர்மபுரி டவுன்ல இருந்து வத்தல்மலை சுமார் 25 கிலோமீட்டர். 24 கொண்டை ஊசி வளைவு. டவுனை விட 500 மீட்டருக்கு மேல உயரம். ஒன்றரை டன் காரை 500 மீட்டர் தூக்க மட்டுமே 2 யூனிட் மின்சாரம் வேணும். அதனால ஏறும்போது பேட்டரி சதவீதம் மளமளன்னு குறையும். பயப்படாதீங்க. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டரா மாறி, அதுல ஒரு நல்ல பங்கைப் பேட்டரிக்குத் திருப்பிக் குடுத்துடும். பெட்ரோல் கார் கியர்ல இறங்கினா பெட்ரோல் செலவாகாது, அவ்வளவுதான். ஏறும்போது எரிஞ்சது டேங்குக்குத் திரும்பி வராது.

மேல தங்கி சார்ஜ் போடறவங்க மட்டும் 100 சதவீதம் வரைக்கும் நிரப்பாதீங்க. நிறைஞ்ச பேட்டரியில திரும்பி வர்ற மின்சாரத்துக்கு இடம் இருக்காது. அப்புறம் பிரேக்கை நம்பித்தான் இறங்கணும்.

சரி, காசுக்கு வருவோம். போயிட்டு வர 10 யூனிட்னு தாராளமா வெச்சுக்குவோம். பெட்ரோல் கார் 4 லிட்டர் குடிச்சா, லிட்டர் 100 ரூபாய்னு 400 ரூபாய். பங்க்ல எல்லாருக்கும் ஒரே விலை. வீட்டு மீட்டர்ல அப்படி இல்ல. 2024 ஜூலை கட்டணப்படி, ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட்டுக்குள்ள இருந்தா யூனிட் அதிகபட்சம் 4.80 ரூபாய். 600-ஐத் தாண்டினா 9.65. அதே மலைப் பயணம் ஒரு வீட்டுக்கு 48 ரூபாய், இன்னொரு வீட்டுக்கு 96.

அப்போ அந்த 100 யூனிட் இலவசம்? அதை ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஏற்கெனவே சாப்பிட்டாச்சு. கார் வந்து உக்கார்றது கடைசி ஸ்லாப்ல.

மாசம் 1,000 கிலோமீட்டர், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர்னா, ரெண்டு மாசத்துக்கு சுமார் 330 யூனிட். ஏற்கெனவே 400 ஓடற வீடு 730-க்குப் போயிடும். 500-ஐத் தாண்டினதும், 101-ல இருந்து 200 வரைக்கும் கிடைச்ச சலுகை விலையும் போச்சு. எல்லாம் சேர்த்து கூடுதல் பில் சுமார் 3,000 ரூபாய். அதே தூரத்துக்குப் பெட்ரோல், லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னு வெச்சாலும், 13,000-க்கு மேல.

ஆக, இலவசம் இல்ல. ஆனா நாலுல ஒரு பங்குக்கும் கம்மி. வாடகை வீட்டுல இருக்கறவங்க, ஹவுஸ் ஓனர் சப் மீட்டருக்கு என்ன விலை போடறார்னு கேட்டுட்டு இதே கணக்கைப் போடுங்க. ஷோரூமுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக் கரண்ட் பில்லை ஒருவாட்டி எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.